நடுவரின் காரிலிருந்து தெரிந்த வீடு: நியூஜெர்சியில் ஒரு ஹாலோவீன் போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மத்திய நியூஜெர்சியில், நியூயார்க்குக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் நிறைய வசிக்கும் ஒரு டவுன்ஷிப், அதாவது ஓர் உள்ளாட்சிப் பகுதி. அங்கே ஒவ்வோர் அக்டோபரிலும், 31ஆம் தேதி இரவு வரும் ஹாலோவீன் பண்டிகையையொட்டி, டவுன்ஷிப் அலுவலகம் இரண்டு போட்டிகள் நடத்துகிறது. ஒன்று வீட்டு அலங்காரத்துக்கு, இன்னொன்று குழந்தைகளின் மாறுவேடத்துக்கு. இந்த ஆய்வில் வரும் குடும்பம் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. கணவர் மென்பொருள் வேலை, மனைவி கணக்குத் துறை, எட்டு வயதில் ஒரு மகள். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். முன்பு சில ஆண்டுகள் அந்த அலங்காரப் போட்டிக்கு நடுவராகப் போயிருக்கிறேன். இது நடந்த ஆண்டில் நான் நடுவர் குழுவில் இல்லை. அதனால்தான் அவர்கள் கேட்டபோது கூட நின்று உதவ முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டும் இவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பரிசும் கிடைக்கவில்லை. செலவில் குறை வைக்கவில்லை: காற்றடைத்த பொம்மைகள் ஆறு, ஊதா விளக்குச் சரங்கள், புதர்கள்மேல் பஞ்சு நூலாம்படை, புல்தரையில் கல்லறைப் பலகைகள், கதவில் சூனியக்காரி. எல்லாம் சேர்த்து 600 டாலரைத் தாண்டியது. பக்கத்துத் தெருவில் வெறும் பரங்கிக்காய்களை மட்டும் வைத்து அலங்கரித்த ஒரு வீட்டுக்குப் பரிசு போனது. எங்கள் தெருக் குடும்பத்து அம்மாவுக்கு இது ஆறவில்லை. "பரிசு போனா போகட்டும் அண்ணா. எங்க வீட்டுல என்ன குறைன்னாவது தெரியணுமில்ல?" என்று செப்டம்பரில் கேட்டார். நியாயமான கேள்வி. போட்டியில் கலந்துகொள்ளும் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு பொம்மை வாங்குகிறார்கள்.

போட்டியின் இயல்பு

இந்தப் போட்டிகள் எதற்காக வந்தன என்று தெரிந்தால், மதிப்பெண் எங்கே விழும் என்பதும் கொஞ்சம் பிடிபடும். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கச் சிற்றூர்களில் ஹாலோவீன் இரவு என்றாலே பையன்களின் அட்டகாசம்தான். கடை ஜன்னலில் சோப்பைத் தேய்ப்பார்கள், வேலிக் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள், மாட்டை அவிழ்த்துத் தெருவில் விடுவார்கள். மினசோட்டா மாநிலத்து அனோகா நகரம் 1920இல் ஊர் முழுவதற்குமாக ஒரு ஹாலோவீன் ஊர்வலம் நடத்தி, அந்தப் பிள்ளைகளை ஒரே இடத்தில் திரட்டியது. பிறகு பல ஊர்களில் ஊர்வலம், விருந்து, நல்ல வேடத்துக்குப் பரிசு என்று வழக்கம் பரவியது. நியூஜெர்சியில் இன்றைக்கும் அக்டோபர் 30 இரவுக்கு 'மிஸ்சீஃப் நைட்' (குறும்பு இரவு) என்றுதான் பெயர். மறுநாள் காலையில் சில வீட்டு மரங்களில் கழிவறைத் தாள் தொங்கும்.

ஆக, ஊர் நடத்தும் போட்டி என்பது அடிப்படையில் அக்கம்பக்கத்தை ஒன்றுசேர்க்கிற காரியம். இது நடுவர்களின் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தமும் வெட்டுப்பட்ட கையுமாகக் கிடக்கும் முற்றத்தைப் பார்த்தால் பேனா தயங்கும். மிட்டாய் கேட்டு வரும் நாலு வயதுக் குழந்தை அழாமல் வாசல்வரை வருமா என்ற கேள்வி படிவத்தில் இருக்காது. ஆனால் காருக்குள் கட்டாயம் பேசப்படும்.

படிவத்தில் இருந்தவை நான்கு: புதுமை, கைவேலை, கருவோடு ஒட்டி இருப்பது, மொத்தத் தோற்றம். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. இந்தக் குடும்பம் முந்தைய ஆண்டு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பரிசுகள் மூன்று: மிகப் பயங்கரமானது, மிகப் புதுமையானது, ஒட்டுமொத்தத்தில் சிறந்தது. நடுவர்கள் மூவரும் ஒரே காரில், அக்டோபர் கடைசி வாரத்தில் இரண்டு இரவுகள், 7 மணியிலிருந்து 9 மணிக்குள் வருவார்கள். காரை விட்டு இறங்க மாட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பார்த்தாக வேண்டும் என்பதால், ஒரு வீட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றால் அதிகம்.

முந்தைய ஆண்டு என்ன நடந்திருந்தது

முதல் வேலையாக, ஒரு இரவு அவர்களையே காரில் உட்காரவைத்து, அவர்கள் வீட்டின் முன்னால் மெதுவாக இரண்டு தடவை ஓட்டினோம். பழைய பொருள்களில் சிலவற்றை மட்டும் போன வருடம் இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். கணவர் பின்சீட்டிலிருந்து ஃபோனில் வீடியோ எடுத்தார். அதைத் திரும்பப் பார்த்தபோது அவருக்கே விஷயம் விளங்கிவிட்டது.

வீட்டின் முன்சுவர் வெள்ளை. அதன் முன்னால் வெள்ளை எலும்புக்கூடு ஒன்று. வாசல் விளக்கு இரண்டுக்கும் சேர்த்து நேர் எதிரே எரிகிறது. விளைவு, இருபதடி தள்ளி எலும்புக்கூடே கண்ணுக்குத் தெரியவில்லை. கல்லறைப் பலகைகளில் எழுதியிருந்த வேடிக்கையான பெயர்கள் சாலையிலிருந்து வெறும் கறுப்புக் கீறல். பஞ்சு நூலாம்படை தெருவிளக்கில் ஏதோ குப்பை சிக்கியதுபோல் இருந்தது. (அந்தப் பஞ்சை மரத்திலும் புதரிலும் இழுத்துக் கட்டுவதை இங்கே பறவை ஆர்வலர்கள் பல காலமாக எதிர்க்கிறார்கள். சின்னப் பறவைகளும் வௌவால்களும் அதில் மாட்டிக்கொள்கின்றன. அந்தக் காரணத்துக்காகவே அதை அன்றே விலக்கினோம்.) காற்றடைத்த பொம்மைகள் நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் அதே கடையிலிருந்து வந்த அதே பொம்மைகள் அந்தத் தெருவிலேயே மூன்று வீடுகளில் நின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020இல் ஹோம் டிப்போ கடை 12 அடி உயர எலும்புக்கூட்டை 299 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுக்க அதற்கு அடிதடி. முதல் வருடம் அதை வைத்திருந்த வீட்டை எல்லோரும் நின்று பார்த்தார்கள். இப்போது எங்கள் பகுதியில் சும்மா ஒரு சுற்று நடந்தாலே நாலைந்து தென்படும். கடையில் வாங்கிய பிரம்மாண்டம் ஒரு வருடத்துக்குத்தான் புதுமை. அதற்குப் பிறகு நடுவர் படிவத்தில் அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

ஒரே கரு

செய்த முடிவுகளில் இதுதான் பெரியது. வீட்டுக்கு முன்னால் ஒரே ஒரு காட்சி. அதில் சேராத எதற்கும் இடம் கிடையாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி. காரில் போகிறவர் மூன்று விநாடிக்குள் "ஓ, இதுவா!" என்று சொல்ல வேண்டும். நூறு பொருள் இருந்தும் அந்தச் சொல் வராவிட்டால், பார்த்தவர் மனதில் எதுவும் தங்காது. அடுத்த இருபது வீட்டைப் பார்த்த பிறகு நடுவர்கள் நினைவிலிருந்துதான் பேசுவார்கள். "அந்த ரயில் வீடு" என்று ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற வீடு அங்கேயே பாதி ஜெயித்துவிடும்.

பேய்க் கப்பல், மந்திரவாதியின் சமையலறை, எலும்புக்கூடுகளின் கல்யாணம் என்று நிறையப் பேசினார்கள். கடைசியில் கரு கிடைத்தது கணவரின் அலுப்பிலிருந்து. ஒருநாள் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதமாகி, இரவு சாப்பாட்டுக்குப் பின் வீடு வந்து சேர்ந்தவர், "பிளாட்ஃபாரத்துல நின்னு நின்னே எலும்புக்கூடு ஆயிட்டேன்" என்றார். மகள் உடனே, "அப்பா, அதையே பண்ணலாம்!" என்றாள்.

ரயிலுக்குக் காத்திருந்து காத்திருந்தே எலும்பாகிப்போன பயணிகள். அந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நடுவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் அந்தப் பிளாட்ஃபாரத்தில் நின்றிருப்பார். குழந்தையும் பயப்படாது. ரத்தம் வேண்டாம், அலறல் வேண்டாம். தேவையான பொருள்கள் எல்லாமே வீட்டில் கிடைப்பவை: பெஞ்சு, குடை, காப்பிக் கோப்பை, பழைய செய்தித்தாள், பெட்டி. சொந்த ஊரின் அன்றாடத்திலிருந்து எடுத்த கரு எந்தக் கடையிலும் விற்பனைக்கு வராது. புதுமைக்கான பத்து மதிப்பெண்ணுக்கு இதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டியது

ஐந்தடி உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் ஐந்து. இரண்டு ஏற்கெனவே இருந்தன. மூன்றைப் பழைய பொருள் விற்பவர்களிடம் பாதி விலைக்கு வாங்கினார்கள். நாய் எலும்புக்கூடு ஒன்று அக்கம்பக்கத்தில் இரவல். பிளாட்ஃபாரத்துக்குக் கடைகளின் பின்னால் போட்டிருக்கும், சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளைக் கேட்டு வாங்கி, சாம்பல் வண்ணம் அடித்து, விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை. அந்த மஞ்சள் பட்டைதான் முழுக் காட்சிக்கும் உயிர். ரயில்வே பிளாட்ஃபாரத்தின் ஓரத்தில் எச்சரிக்கைக்காக இருக்கும் அதே மஞ்சள். அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் தானே புரிந்துவிடுகிறது. முதல் சோதனையில் பட்டை இல்லாமல் பார்த்தோம்; ஏதோ வாசல் திண்ணையில் எலும்புக்கூடுகள் உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருந்தது.

எலும்புக்கூட்டை நிற்கவைப்பது சுலபம், மனிதரைப்போல் நிற்கவைப்பதுதான் கஷ்டம். கடையிலிருந்து வந்தபடி நிறுத்தினால் இரண்டு கையும் தொங்க, காவலுக்கு நிற்பதுபோல் இருக்கும். அந்த அம்மா ஒருநாள் மாலை ரயில் நிலையத்துக்கே போய் மக்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்து வந்தார். எடையை ஒரே காலில் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்கிறார்கள். தண்டவாளம் வரும் திசைக்குக் கழுத்தை மட்டும் நீட்டுகிறார்கள். பெஞ்சில் இருப்பவர் பக்கத்திலிருப்பவர் தோளில் தூங்கி வழிகிறார். அப்படியே செய்தார். ஒன்று மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரம் பார்க்கிறது. ஒன்று விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கிறது. பெஞ்சில் இரண்டு, ஒன்றன் மண்டை மற்றதன் தோளில். ஐந்தாவது செய்தித்தாளை விரித்தபடி. முழங்கால், முழங்கை, கழுத்து என்று ஒவ்வொரு மூட்டையும் கறுப்பு ஜிப் டையால் இறுக்கி, முதுகுக்குப் பின்னால் தரையில் அடித்த இரும்புக் கம்பியோடு கட்டினார்கள். மூட்டைக் கட்டாவிட்டால் இரவுக் காற்றில் எல்லாமே தொங்கிவிடும்.

உடைக்கு, பயன்படுத்திய பொருள்கள் விற்கும் த்ரிஃப்ட் கடையில் பழைய கோட்டுகள். பொத்தான் போட்டால் எலும்பு மறைந்து சோளக்கொல்லை பொம்மை ஆகிவிடுகிறது. கோட்டைத் திறந்துவிட்டு விலா எலும்பு தெரியும்படி வைத்தார்கள். தோள்பட்டையில் மட்டும் பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டித் திணித்தார்கள், துணி சரியாமல் இருக்க.

அறிவிப்புப் பலகையில் 'டிலேய்ட்' (தாமதம்) என்ற ஒரே சொல், ஐந்து ரயிலுக்கும் ஐந்து வரி. பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. சாலையிலிருந்து பலகை நாற்பதடி. அதன்படி நாலு அங்குலம் போதும். இரவு, ஓடும் கார் என்பதால் ஆறு அங்குலமாக வெட்டினோம். கல்லறைப் பலகைகளில் போன வருடம் எழுத்து ஓர் அங்குலம்கூட இல்லை.

வெளிச்சம்

அலங்காரத்துக்கு ஆகும் நேரத்தில் பாதியாவது விளக்குக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அக்டோபர் கடைசியில் நியூஜெர்சியில் 6 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவது நவம்பர் முதல் ஞாயிறுதான். ஆகவே நடுவர்கள் வரும் 7 மணிக்கு முழு இருட்டு. பகலில் புல்தரையில் நின்று பார்த்துப் பார்த்து அடுக்கியதெல்லாம் அப்போது கணக்கில் வராது. விளக்கு எதன்மேல் விழுகிறதோ அது மட்டும்தான் இருக்கிறது.

முதலில் வாசல் விளக்கை அணைத்தோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. காட்சியைச் சுவரிலிருந்து பிரித்து, முற்றத்தின் இடப்பக்கம் இருக்கும் அடர்பச்சை வேலிக்கு முன்னால் நகர்த்தினோம். கணவருக்கு இதில் சம்மதமில்லை. "வீட்டுக்கு நடுவுல வெச்சாத்தானே அழகு?" என்றார். ஆனால் வெள்ளை எலும்புக்குக் கரும்பின்னணி வேண்டும், அது வேலிப் பக்கம்தான் இருந்தது. இரவில் வைத்துப் பார்த்த பிறகு அவரே மற்ற பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்.

விளக்குகள் நான்கே. நீல எல்இடி ஃபிளட் லைட் ஒன்று இடப்பக்கம் தரையோடு, சாய்வாக. எதிர்ப்பக்கம் இளமஞ்சள் ஒன்று, அதைவிட மங்கலாக. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்போது விலா எலும்புகளுக்கு இடையில் நிழல் தங்குகிறது, கண்குழி ஆழமாகிறது. நேர் எதிரிலிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். மூன்றாவது, அறிவிப்புப் பலகைக்கு மேலிருந்து ஒரு வெள்ளை விளக்கு. நான்காவது, வேலிக்குள் மறைத்து வைத்த பலமான வெள்ளை விளக்கு, தூரத்தில் வரும் ரயிலின் முகப்பு விளக்குபோல. அதற்கு டைமர் வைத்தார் கணவர்: நாற்பது விநாடிக்கு ஒருமுறை மெதுவாகப் பிரகாசமாகி, ரயில் வராமலே அணைந்துவிடும். ஒரு நிமிடம் நிற்கும் காருக்கு அது ஒருமுறையாவது கண்ணில் படும் என்ற கணக்கில்தான் அந்த நாற்பது.

தரையில் விழுந்த மேப்பிள் இலைகளைப் பெருக்கவில்லை. நீல ஒளியில் அவை பல வருடமாக யாரும் பெருக்காத நிலையம்போலத் தெரிந்தன. காய்ந்த இலை என்பதால் மெழுகுவத்தி எதுவும் கிடையாது. பரங்கிக்காய்க்குள்ளும் பேட்டரி விளக்குதான்.

மகளின் வேடம்

மாறுவேடப் போட்டி 31க்கு முந்தைய சனிக்கிழமை. மகளுக்கு ஜெல்லிமீன் ஆக வேண்டும். ஒளி ஊடுருவும் குடையின் உள்ளே விளக்குச் சரம், விளிம்பில் ரிப்பன்கள். இணையத்தில் நிறையப் பேர் செய்வது. இருட்டில் அவ்வளவு அழகு. ஆனால் போட்டி நடப்பது பிற்பகல் 2 மணிக்கு, பள்ளி விளையாட்டு அரங்கில், மேலே வரிசையாகக் குழல் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் குடைக்குள் எரியும் சரம் கண்ணிலேயே படாது. இதை முதலில் கவனித்தது அந்த அம்மா. இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பேசினார்.

ஆசையை மாற்றச் சொல்லவில்லை, வழியை மாற்றினார்கள். விளக்குக்குப் பதில் நிறமும் அசைவும். வெண்மையும் கண்ணாடி நிறமும் அந்த அரங்கின் மரத்தரையில் கரைந்துபோகும் என்பதால், இளஞ்சிவப்பு, ஊதா நெட் துணியும், வானவில் நிறம் காட்டும் செல்லோபேன் தாளும் எடுத்தார்கள். பபிள் ராப்பைச் சுருள்சுருளாக வெட்டித் தொங்கவிட்டார்கள். ரிப்பன்கள் முதலில் தரைவரை இருந்தன. வீட்டுக் கூடத்திலேயே இரண்டு தடவை காலில் சிக்கியதால் கணுக்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

பிறகு அந்தக் குழந்தை தானே ஒன்று கண்டுபிடித்தாள். குடையின் கைப்பிடியில் இருக்கும் வளையத்தை முழுக்கப் பூட்டாமல் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் குடை விரிந்து சுருங்குகிறது. ஜெல்லிமீன் நீந்துவது அப்படித்தான். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ரிப்பன்கள் கொஞ்சம் தாமதித்து மேலே எழும்பி இறங்கின. மேடையைக் கடக்க ஒவ்வொருவருக்கும் சில விநாடிகள்தான் கிடைக்கும். அதற்குள் நடுவில் நின்று மூன்று தடவை சுருங்கி விரிந்து, பிறகு நகர்வது என்று பழகினாள். நான் பார்த்த மாறுவேடப் போட்டிகளில் பெற்றோர் மாதக்கணக்கில் உடை தைத்துவிட்டு, நடக்கப் பழக்குவதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை மேடையில் ஓடிக் கடந்துவிடும்.

பிரிவைத் தேர்வதும் ஒரு முடிவுதான். பயங்கரம், வேடிக்கை, கைத்தயாரிப்பு, குழு என்று நான்கு பிரிவுகள். கைத்தயாரிப்பில் சேர்ந்தாள். அந்தப் பிரிவில் நடுவர்கள் பிள்ளையிடமே "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். அதற்காகவே வெட்டுவது, ஒட்டுவதில் பெரும்பகுதியை அவளிடமே விட்டார்கள். ஒட்டின இடங்கள் கோணலாக இருந்தன. அம்மாவின் கை அதைச் சரிசெய்யப் போகவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

மழை

நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கனமழை, காற்று. செய்தித்தாள் கூழாகிவிட்டது. கோட்டுகள் ஈரத்தில் இறங்கி இரண்டு எலும்புக்கூடுகள் முன்னால் சாய்ந்தன. வாசலில் இருந்த சாக்கெட், மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் வகை. அது மூன்று முறை அணைந்தது. அந்தச் சாக்கெட் அப்படி அணைந்தது நல்லதற்குத்தான். எக்ஸ்டென்ஷன் ஒயர்களின் இணைப்புகள் ஈர இலைக்குள் கிடந்தன. எல்லா இணைப்புகளையும் தரையிலிருந்து தூக்கி, மூடிய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் வைத்தார்கள். பிள்ளைகள் நடக்கும் பாதையைக் குறுக்கே கடந்த ஒயரை வேலியோரமாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். புதுச் செய்தித்தாளை இருபக்கமும் அகலமான செல்லோ டேப் ஒட்டி வைத்தார் கணவர்.

பரங்கிக்காய்களைக் காப்பாற்ற முடியவில்லை. பத்து நாள் முன்னதாகவே செதுக்கியிருந்தார்கள். செதுக்கிய பரங்கிக்காய் வெளியில் நாலைந்து நாள் நிற்கும், குளிர் நன்றாக இருந்தால் ஒரு வாரம். இவை பூஞ்சை பிடித்து உள்ளே விழுந்துவிட்டன. எடுத்துப் போட்டார்கள். காட்சிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவை பழக்கத்துக்காக வைத்தவைதான், ரயில் நிலையத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

நடுவர்கள் வந்த இரவு

முதல் இரவு 7.40க்கு கார் வந்தது. என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். நின்றது. வேலிக்குள் வைத்த ரயில் விளக்கு மெல்லப் பிரகாசமாகி அணைந்தது. கார் கிளம்பவில்லை. இரண்டாவது முறையும் விளக்கு வந்து அணைந்த பிறகுதான் நகர்ந்தது. நிலைய அறிவிப்புபோல ஓர் ஒலிப்பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குளிருக்காகக் காரின் கண்ணாடிகள் முழுக்க ஏற்றியிருந்தன. அதற்குச் செலவழித்த இரண்டு வாரயிறுதிகள் போட்டியைப் பொறுத்தவரை கணக்கில் வரவில்லை. 31ஆம் தேதி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது.

முடிவுகள்

வீட்டுக்கு 'மிகப் புதுமையானது' பரிசு கிடைத்தது. முற்றத்தில் நட ஒரு பலகை, உணவகப் பரிசு அட்டை ஒன்று. ஒட்டுமொத்தப் பரிசு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போனது. அங்கே கூரை, தூண், மரம் என்று எல்லா இடத்திலும் விளக்குகள் இசைக்கு ஏற்ப மாறிக்கொண்டிருந்தன. பார்க்க வருகிறவர்கள் இசையைத் தங்கள் காரின் பண்பலை வானொலியிலேயே கேட்கும்படி செய்திருந்தார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் காதில் விழும். பல வருட உழைப்பு, தகுதியான பரிசு. இந்த ஆண்டுச் செலவு, மூன்று எலும்புக்கூடு, வண்ணம், விளக்கு, கோட்டு எல்லாம் சேர்த்து 260 டாலர் அளவில் முடிந்தது. முந்தைய ஆண்டின் பாதிகூட இல்லை.

மகளுக்குக் கைத்தயாரிப்பில் இரண்டாமிடம். முதலிடம் அட்டைப்பெட்டியில் குப்பை லாரி செய்து வந்த ஒரு சிறுவனுக்கு. அவன் தோளில் இருந்த கயிற்றை இழுத்தால் லாரியின் பின்கதவு திறந்து, உள்ளே கசக்கிய தாள்கள் கொட்டின. அரங்கமே சிரித்தது. ஜெல்லிமீனுக்கும் கைதட்டல் நன்றாக இருந்தது. நடுவர் கேட்டபோது, "குடை அம்மா வாங்கினது, நீந்துறது நான் கண்டுபிடிச்சது" என்று சொல்லியிருக்கிறாள்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மாலையில் நிலையத்திலிருந்து நடந்து வீடு திரும்புகிறவர்கள் அந்த முற்றத்தில் நின்று படம் எடுக்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர் தன் காலாவதியான மாதாந்திர ரயில் பயணச்சீட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் தூங்கும் எலும்புக்கூட்டின் கோட்டுப் பையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் இன்னொருவர் உடைந்த குடை ஒன்று. இதற்கு முன் ஒருவரை ஒருவர் கைகாட்டியதோடு சரி என்றிருந்த நாலைந்து குடும்பங்கள் அந்த வாரம் அவர்கள் வாசலில் நின்று பேசின.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஒலிக்குச் செலவழித்த நேரம் அசைவுக்குப் போயிருக்க வேண்டும். கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எட்டுவது ஒளியும் அசைவும்தான். அறிவிப்புப் பலகையின் எழுத்து ஒன்று மட்டும் புரண்டு விழுந்து எழுவதுபோல் செய்திருந்தால் குப்பை லாரி செய்த வேலையை அது செய்திருக்கும் என்று கணவர் நினைக்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான். சிறிய மோட்டார் ஒன்று போதும்.

கோட்டுகளுக்கு நீர் உறிஞ்சாத துணி வேண்டும். பழைய ரெயின்கோட் இன்னும் பொருத்தம். மழைநாளில் காத்திருப்பவர்களுக்கு அது இயல்பும்கூட. முதுகுக் கம்பிகளை ஓரடிக்குப் பதில் இரண்டடி ஆழம் அடிக்க வேண்டும். பரங்கிக்காய் வைப்பதென்றால் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் செதுக்க வேண்டும், இல்லையென்றால் வைக்கவே வேண்டாம்.

விளக்குகளுக்குத் தானியங்கி டைமர் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இரண்டாம் இரவு அந்த அம்மாவுக்கு அலுவலகத்தில் தாமதம், கணவர் ரயிலில். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட யாருமில்லாமல், 7 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எனக்கு ஃபோன் வந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்ததால் சமாளித்தோம்.

மாறுவேடத்தில் குடையின் வளையம் மூன்றாம் முறை சற்று இறுகிக்கொண்டது. அதில் கொஞ்சம் மெழுகு தேய்த்திருக்கலாம். மற்றபடி அந்த வேடத்தில் மாற்ற வேண்டும் என்று அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டுக்கு அவள் இப்போதே ஒரு கரப்பான்பூச்சியைப் பற்றிப் பேசுகிறாள், ஆறு காலும் தனித்தனியாக அசைய வேண்டுமாம். கணவர் அதற்காகக் குடைக் கம்பிகளைச் சேர்த்து வைக்கிறார்.